இடக்கைக்கு ஒரு விசைப்பலகை

என் கணவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். ழ இருக்க வேண்டிய இடத்தில் ள இருந்துவிட்டால் முதலாளியோடேயே மல்லுக்கு நிற்பார். என் வாயிலோ ழ வராது. "ஊருக்கெல்லாம் திருத்துறேன், வீட்டுக்கு வந்தா இவ வாளப்பளம் தர்றா" என்று வம்பிழுப்பார்.

அவருக்குப் பக்கவாதம் வந்து வலக்கையும் பேச்சும் போய்விட்டன. "புத்தி தெளிவா இருக்கும்மா, எல்லாம் புரியும்" என்றார் டாக்டர். புரிந்து என்ன செய்ய? கம்ப்யூட்டரில் தமிழ் விசைப்பலகையை அமைத்த புண்ணியவான் உயிரெழுத்தை இடக்கைப் பக்கமும் மெய்யெழுத்தில் முக்கால்வாசியை வலக்கைப் பக்கமும் வைத்துவிட்டார். படுத்தபடி இவர் இடக்கைக்கு எட்டியதைத் தட்டினால் ஆ, ஈ, ஊ. வாயாலும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

கொழுந்தன் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இடம் பிடித்துவிட்டான். "அண்ணி, கண்ணாடியில உங்க மூஞ்சியப் பாத்தீங்களா? திங்கக்கிழமை வண்டி வரும், அனுப்பிடலாம்." கெட்டவனில்லை. கூரியர் ஆபீஸில் நாளெல்லாம் முகவரி தட்டிவிட்டு வந்து, இவரைப் புரட்டி, துடைத்து, ஊட்டி, துணி அலசி முடிப்பதற்குள் எனக்கு இடுப்பு விட்டுப்போகிறது. அதற்காக அவரை ஒரு வார்த்தை கேட்காமல் மூட்டை மாதிரி ஏற்றி அனுப்புவதா?

"அவரே சொல்லட்டும்" என்றேன்.

"எப்படி அண்ணி சொல்லுவாரு?" என்றான்.

அதனால்தான் விசைப்பலகையில் கை வைத்தேன். எந்தப் பட்டனுக்கு எந்த எழுத்து என்பதை நாமே மாற்றிக்கொள்ளலாம் என்று ஆபீஸ் சிஸ்டம்காரர் காட்டிக்கொடுத்தார். வீட்டு லேப்டாப்பை ஆபீஸுக்கு எடுத்துப்போய்ச் சாப்பாட்டு வேளையிலெல்லாம் உட்கார்ந்து, கண்ணைச் சுழற்றும் தூக்கத்தோடு, மெய்யெழுத்துகளை ஒவ்வொன்றாக இடப்பக்கம் குடியேற்றி, பட்டன்மேல் எழுதியும் ஒட்டினேன். ஷிஃப்டை ஒரு தட்டு தட்டிவிட்டு உயிரெழுத்துப் பட்டனைத் தட்டினால் மெய் வரும். 'போகமாட்டேன்' என்று தட்டிப் பார்த்தேன். வந்தது. வேறென்ன சொல்லிவிடப்போகிறார் என்ற நினைப்பு எனக்கு.

ஞாயிறு மதியம் லேப்டாப்பை அவர் கைக்கு வாகாக வைத்தேன். "உங்க தம்பி நாளைக்கு வண்டி அனுப்புறானாம். போறீங்களா, இருக்கீங்களா? நீங்களே சொல்லுங்க."

ஒற்றை விரல் தேடித் தேடி நகர்ந்தது. திரையில் எழுத்து விழுந்தது.

'போறேன். நீ தூங்கு.'

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இதச் சொல்லவா இத்தன பாடுபட்டு எளுத்தெல்லாம் எடம் மாத்துனேன்?" என்று கத்தினேன். கத்தும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உள்ளுக்குள் எங்கோ ஒரு 'அப்பாடா'வும் இருந்தது. அந்த வெட்கத்துக்கும் சேர்த்து அழுதேன்.

விரல் மறுபடி கிளம்பியது. இடப்பக்கப் பட்டன் எல்லாவற்றையும் ஒரு சுற்று சுற்றிவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தட்டினார்.

'அளாதே.'

அடப்பாவி மனுஷா! ழ-வை நான் இடப்பக்கம் கொண்டுவரவேயில்லை. நாக்கில் இல்லாத எழுத்து எனக்கு ஞாபகத்தில் எப்படி வரும்?

கொழுந்தனுக்குப் போன் போட்டேன். "நாளைக்கு வண்டி வேணாம்."

"ஏன் அண்ணி, அண்ணன் வரமாட்டேன்னுட்டாரா?"

"போறேன்னுதான் எளுதியிருக்காரு. அதுல ஒரு பிளை இருக்கு. திருத்தணும்."