பெயர் இல்லாமல் ஏற்க இயலாது

அப்பா காணாமல் போன மறுநாளும் பாப்பா அலுவலகத்துக்குக் கிளம்பினாள். சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று பேசினார்கள். கல்நெஞ்சுக்காரி என்றுகூட ஒரு அத்தை சொன்னாள். அவர்களுக்கு என்ன தெரியும்? காணாமல் போனவர்களைத் தேடும் இணையதளத்தை நடத்துவதே அவள் கம்பெனிதான். அலுவலக நாற்காலியில் உட்கார்ந்தபடியே அப்பாவைக் கண்டுபிடித்துவிடலாம் என்று அவள் நம்பினாள்.

பாப்பா என்றதும் சின்னப்பிள்ளை என்று நினைத்துவிட வேண்டாம். நாற்பதைத் தொடப் போகிறவள். அலுவலகத்தில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. வீட்டில்தான் இன்னும் பாப்பா. காலமெல்லாம் பஸ் ஓட்டிய அப்பாவுக்கு இப்போது மறதி நோய். மகன் முகமே சில நாள் பிடிபடாது. அப்படிப்பட்டவர், கதவைத் தாழிடாமல் விட்ட ஒரு காலையில், பழுப்பு ஸ்வெட்டரைப் பொத்தான் மாற்றிப் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

அண்ணன் ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றான்.

"பாப்பா, நான் ஒவ்வொரு ஆஸ்பத்திரியா ஏறி இறங்கிப் பாத்துட்டு வந்துடறேன்."

"எதுக்குண்ணே வீணா அலையறே? எந்த ஆஸ்பத்திரியில ஆள் தெரியாதவங்க வந்து சேர்ந்தாலும் ஒரு மணி நேரத்துல எங்க சர்வருக்குத் தகவல் வந்துடும். நானே எழுதினது. நீ பஸ் ஸ்டாண்டு, பார்க்கு, ரயிலடி, அந்தப் பக்கம் பாரு."

"நிச்சயமா வந்துடுமா?"

"எங்கிட்ட வராம எங்க போகும்?"

தங்கை படித்தவள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அண்ணன் பஸ் ஸ்டாண்டுக்கு வண்டியைத் திருப்பினான்.

அவள் எழுதியதில் அப்படியொன்றும் கம்பசூத்திரம் இல்லை. ஒவ்வொரு ஆஸ்பத்திரியின் சர்வரிலும் ஒரு ஸ்கிரிப்ட், தானாக ஓடும் சின்னப் புரோகிராம், உண்டு. ஆள் அடையாளம் தெரியாமல் வார்டில் கிடப்பவர்களின் விவரத்தை அது மணிக்கொரு தரம் அனுப்பும். இந்தப் பக்கத்து சர்வரில் பாப்பாவின் ஸ்கிரிப்ட் அதை வாங்கி, சரிபார்த்து, பட்டியலில் சேர்க்கும். 'ஏற்றுக்கொண்டேன்' என்றோ 'ஏற்க இயலாது' என்றோ ஒரு பதில் போகும். ஏற்கப்படாததை அந்தப் பக்கத்து ஸ்கிரிப்ட் அடுத்த மணி மறுபடி அனுப்பும். இரண்டு பக்கமும் மனிதர் கை படாது. அதுதான் பாப்பாவுக்குப் பெருமை.

நாள்கள் போயின. அண்ணன் வெயிலில் கருத்துப்போய் வீடு திரும்பினான். பாப்பா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பட்டியலைப் பார்த்தாள். எழுபது வயது, ஆண் என்று தேடினாள். அப்பாவின் புருவத்துத் தழும்பைச் சொல்லித் தேடினாள். இல்லை என்றே வந்தது. ஆஸ்பத்திரியில் இல்லையென்றால் நல்லதுதானே, எங்கோ பத்திரமாக இருக்கிறார் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள்.

அன்று மதியம் தேடலை விட்டுவிட்டு, பட்டியலை மேலிருந்து கீழ்வரை சும்மா படித்துக்கொண்டே போனாள். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயர் இருந்தது. சொந்தபந்தம் தெரியாதவர்கள், முகவரி சொல்ல மறுத்தவர்கள், ஊர் புரியாதவர்கள். எல்லோருக்கும் பெயர் மட்டும் இருந்தது. பெயரே தெரியாதவர் ஒருவர்கூட இல்லை.

அத்தனை பெரிய ஆஸ்பத்திரியில், இத்தனை மாதத்தில், ஒருவர்கூடவா?

அவளுக்குப் பழைய சோதனை ஓட்டம் நினைவுக்கு வந்தது.

அப்போது ஆஸ்பத்திரிப் பக்கத்திலிருந்து வெற்று வரிகளாக வந்து குவிந்தன. யாரோ பொத்தானை இரண்டு தடவை அமுக்கியதால் வந்த வினை. எரிச்சலில் பாப்பா ஒரு நிபந்தனையைச் சேர்த்தாள்: பெயர் காலியாக இருந்தால் ஏற்காதே. எந்தப் படிவத்துக்கும் கை தானாக எழுதும் நிபந்தனைதான். பிறகு கற்பனைப் பெயர்களாகப் போட்டுச் சோதித்தார்கள். எல்லாம் கச்சிதமாக ஓடியது. பெயர் தெரியாதவர்களுக்காகவே கட்டிய பட்டியலைப் பெயர் வைத்தே சோதித்தது யாருக்கும் உறைக்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் அந்தப் பக்கத்து ஸ்கிரிப்டை எழுதிய பையனை எல்லோரும் சோடாபுட்டி என்பார்கள். தடித்த கண்ணாடி, தயங்கித் தயங்கிப் பேச்சு. "சில ரெக்கார்டு திரும்பி வருதுக்கா" என்று அவன் ஒருமுறை போன் செய்தான். "உங்க பக்கத்துக் குப்பைய எங்க தலையில கொட்டாதீங்க தம்பி" என்று பாப்பா வாயை அடைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவன் வாய் திறக்கவில்லை.

ஏற்கப்படாதவற்றின் பதிவைத் திறந்தாள். கடந்த சில நாள்களாக ஒரே வரி, மணிக்கொரு தரம். ஆண், சுமார் எழுபது. இடது புருவத்தில் பழைய தழும்பு. பழுப்பு ஸ்வெட்டர். பெயர் என்ற இடம் காலி. பக்கத்தில் அவள் எழுதி வைத்த பதில்: பெயர் இல்லாமல் ஏற்க இயலாது. அப்பா மணிக்கொரு தரம் வந்து கதவைத் தட்டியிருக்கிறார். அவளும் சளைக்காமல் விரட்டியிருக்கிறாள். நேற்றுக் காலையோடு அந்த வரி நின்றுபோயிருந்தது.

சோடாபுட்டிக்குப் போன் போட்டாள்.

"பழுப்பு ஸ்வெட்டர், புருவத்துல தழும்பு, பேர் இல்லாத பேஷன்ட். அந்த விவரம் ஏன் இப்ப வரல, தம்பி?"

"இருங்கக்கா, பாக்கறேன்... வார்டுலேர்ந்து எடுத்துட்டாங்க. நேத்து இறந்துட்டார்னு போட்டிருக்கு." பிறகு மெதுவாகக் கேட்டான், "யாருக்கா அது?"

அவள் போனைக் கீழே வைத்தாள்.

பிணவறைக்கு வெளியே அண்ணனும் அவளும் நின்றிருந்தபோது ஒரு நர்ஸ் தேடி வந்தாள். நிமோனியா என்றாள். வந்து சேர்ந்த நாள் நன்றாகத்தான் பேசினாராம். "பேர் என்ன தாத்தான்னு கேட்டா, பாப்பாவுக்குத் தெரியும், அவளக் கேளுன்னுதான் சொல்வாரும்மா. அந்தப் பாப்பா யாருன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" பாப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அண்ணன் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

அழுது ஓய்ந்ததும் அவன் அவள் தலையைத் தடவினான். "நீ மட்டும் இல்லேன்னா அனாதைப் பொணமாப் போயிருப்பாருடி."

அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நிபந்தனை, திரும்பிப் போன வரிகள், சோடாபுட்டியை அடக்கியது, ஒன்றுவிடாமல். சர்வர் சமாசாரம் அண்ணனுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். ஆனால் புரிய வேண்டியது புரிந்தது.

"அன்னைக்கு நான் முதல்ல இங்கதான் வர்றதா இருந்தேன் பாப்பா," என்றான். கையைத் தலையிலிருந்து எடுத்துவிட்டான்.

அதற்குள் சித்தப்பா மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். வழியெல்லாம் செய்தி கேட்டு வந்திருப்பார் போல. "உன் தங்கச்சி எழுதின புரோகிராம்தான் கண்டுபிடிச்சுதாமேடா! படிச்ச படிப்பு வீண் போகல."

அண்ணன் அவளைப் பார்க்கவில்லை.

"ஆமா சித்தப்பா," என்று சொல்லிவிட்டு, எழுந்து போய் எதிர் வரிசை பெஞ்சில் தனியாக உட்கார்ந்தான்.