தொடாத பிள்ளை

பள்ளி நடைபாதையில் கிடந்த பெஞ்சின் நுனியில் வீட்டு வேலைக்காரி உட்கார்ந்திருந்தாள். இரண்டு வீடுகளில் கெஞ்சிக் கூத்தாடி அரை நாள் லீவு வாங்கியிருந்தாள். உள்ளே அவள் மகளுக்கு அறிவுச் சோதனை நடந்தது. தேறினால் இந்தப் பள்ளியிலேயே முதல் வகுப்பு. தவறினால் ஊரின் மறுகோடியில் மந்தமான பிள்ளைகளுக்கென்று இருக்கும் பள்ளி. அங்கே போன பிள்ளை எதுவும் சாதாரணப் பள்ளிக்குத் திரும்பி வந்ததில்லை.

அவளுக்குப் பெரிய பயமில்லை. மகளுக்கு வீட்டில் வாயாடி என்றுதான் பெயர். நாலு வயதிலேயே கதவுத் தாழ்ப்பாளைக் கழற்றி மறுபடி மாட்டியவள்.

கதவு திறந்தது. சோதனை அதிகாரி அவளை உள்ளே அழைத்துத் தாளைக் காட்டினார். மேசையில் வண்ணக் கட்டைகள் ஒன்பதும் அவற்றின் பெட்டியும் கிடந்தன. படத்தைப் பார்த்து அதேபோல் அடுக்கச் சொன்னாராம். பத்து நிமிடமும் பிள்ளை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றதாம். மதிப்பெண் பூஜ்யம்.

"இதெல்லாம் பிறவியிலேயே வர்றதும்மா. நீங்க எதுவரைக்கும் படிச்சீங்க?"

படிக்கவில்லை என்றாள். அதையும் எழுதிக்கொண்டார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. விட்டுவிட்டு வர ஆளில்லாமல் பிள்ளையையும் வேலை வீடுகளுக்குக் கூட்டிப் போகிறாள். ஒரு வீட்டுப் பிள்ளையின் பொம்மையை ஒரு நாள் மகள் எடுத்துவிட, அன்று வேலையே போயிருக்கும். மகளின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அதிலிருந்து அடுத்தவர் அறைக்குள் போனாலே மகளின் கைகள் தானாகப் பின்னால் போய்விடும்.

"சார், எதையும் தொடக்கூடாதுன்னு நான்தான் அடிச்சுப் பழக்கினேன். கண்ணு, அம்மா சொல்றேன், எடுத்து அடுக்கு."

வாயாடிப் பிள்ளை அம்மாவின் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கட்டைகளை இழுத்தாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, படத்தில் இருந்தது அப்படியே மேசையில் நின்றது.

"பிறவின்னு சொன்னீங்களே சார், இப்ப பார்த்தீங்கல்ல?"

"நேரம் முடிஞ்சு போச்சும்மா. நீங்க சொல்லிச் செஞ்சதை நான் சேர்த்துக்க முடியாது."

அவர் கையெழுத்துப் போடக் குனிந்தார். யாரும் சொல்லாமலே பிள்ளை கட்டைகளைக் கலைத்து, ஒரே ஒரு விதமாக அடுக்கினால் மட்டும் மூடுகிற அந்தப் பெட்டிக்குள் ஒன்பதையும் வைத்து மூடினாள். சட்டை நுனியால் மேசையைத் துடைத்தாள்.

"வேலை நல்லாப் பழக்கி வச்சிருக்கீங்க" என்று மனதாரப் பாராட்டிவிட்டு, அதிகாரி தாளில் 'மந்தம்' என்ற முத்திரையைக் குத்தினார்.