திருப்பிச் சொன்னால்தான் ஷட்டர்

அணையின் ஷட்டர் அறையில் அவளுக்குப் பத்தொன்பது வருட வேலை. ஷட்டரைத் தூக்குமுன் ஆற்றின் கீழே, அடுத்த நாட்டு நீரளவு நிலையத்துக்குப் போன் போட வேண்டும். இவள் சொல்லும் கனஅடியை அங்கிருப்பவன் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகுதான் சுவிட்சில் கை. இரண்டு நாடும் சண்டை போட்ட வருடத்தில்கூட அந்தப் போன் நின்றதில்லை.

நேற்று நாட்டுத் தலைவர் டிவியில் ஆற்று ஒப்பந்தத்தை இரண்டாகக் கிழித்துக் காட்டினார். கூட்டம் விசிலடித்தது. காலையில் இன்ஜினியர் மூச்சு வாங்கப் படியேறி வந்தார்.

"இனிமே போன் கிடையாதும்மா. நேரா தூக்கிடு. தண்ணி விளிம்புக்கு வந்தாச்சு."

"கீழ மணல் அள்ளுறவங்க இருப்பாங்க சார்."

"அது அவங்க நாடு."

"தண்ணிக்கு அது தெரியாதே."

"வியாக்கியானம் வேணாம். மேலிடத்து உத்தரவு."

அவள் பதிவேட்டை அவர் பக்கம் தள்ளினாள். "சொல்லாம தூக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. தூக்குறேன்."

இன்ஜினியர் பேனாவைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "வாய் வார்த்தையாத்தான் வந்துச்சு."

"கிழிச்சவரு கையெழுத்துப் போடல. உங்களை அனுப்பினவரு போடல. நீங்களும் போட மாட்டீங்க. கொலை மட்டும் என் கையாலயா?"

"வேலை போயிடும். உள்ளயும் தள்ளுவாங்க."

"கல்லு சுமந்து வளர்ந்தவ நான். ஜெயில்ல அதைவிடவா முதுகு ஒடியும்?"

அவர் சுவிட்சுப் பெட்டியை இழுத்துப் பார்த்தார். பூட்டியிருந்தது. சாவி அவள் இடுப்பில். அவள் போனை எடுத்தாள்.

"அக்கா," என்றான் கீழே இருப்பவன். "இன்னிக்கு நீங்க கூப்பிட மாட்டீங்கன்னு எல்லாரும் சொன்னாங்க."

"இருபதாயிரம்."

"இருபதாயிரம். மணல்ல நாப்பது பேர் நிக்கிறாங்கக்கா. அரைமணி குடுங்க."

"குடுத்தேன்."

இன்ஜினியர் தலையில் கை வைத்தார். "அதுவரைக்கும் அணை தாங்குமா?"

"தாங்கும். இது நீங்க கட்டினது இல்லையே."

அரைமணி கழித்து அவனே கூப்பிட்டான். "எல்லாரும் கரையேறிட்டாங்க. அக்கா, இன்னொண்ணு. உங்காளு கிழிச்சதைப் பாத்து எங்காளும் கிழிச்சிட்டாரு. கிழக்கு ஆத்துல நாங்க மேல, நீங்க கீழ. இனிமே உங்க பக்கம் சொல்லக் கூடாதாம். இன்னிக்கு அங்கயும் திறக்குறாங்க."

கிழக்கு ஆற்றங்கரையில்தான் அவள் தங்கச்சி செங்கல் அறுக்கிறாள், இரண்டு பிள்ளைகளோடு.

"அங்க ஷட்டர்ல யாரு?"

"ஒரு அண்ணன். நல்லவருதான். ஆனா பயந்தாங்கொள்ளி."

"நம்பரைச் சொல்லு."

உள்ளங்கையில் எழுதிக்கொண்டு சாவியைத் திருப்பினாள். ஷட்டர் முனகிக்கொண்டே ஏறியது. ஒரு காதைப் பொத்திக்கொண்டு புது எண்ணை அழுத்தினாள்.

"வெளிநாட்டுக்காரனுக்கா போடறே? தேசத் துரோகம்மா இது."

"எழுதிக்கங்க சார். அதுலயாவது கையெழுத்துப் போடுங்க."

மறுமுனையில் யாரோ தயங்கி, "யாரு?" என்றார்.

"அண்ணே, நான் மேக்கால அணை ஷட்டர்க்காரி. இங்க சொல்லிட்டுத்தான் தூக்கியிருக்கேன். என் இன்ஜினியர் பக்கத்துலயே நிக்கிறாரு. நீங்க எவ்வளவு விடப்போறீங்க, சொல்லுங்க. நான் திருப்பிச் சொல்றேன்."