இரண்டு கைகளிலும் மாவுக்கட்டு

பதினேழு வயதிலிருந்து தோருன் தினமும் காலையில் மோவாயை மழித்துக்கொண்டு வந்தாள். அதற்குக் காரணம் சினைப்பை நீர்க்கட்டி என்று ஊர் மருத்துவர் அப்போதே சொல்லிவிட்டார். மாதவிலக்கு நான்கு மாதத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பதும், பட்டினி கிடந்தாலும் உடம்பு பெருப்பதும், முகத்தில் கறுகறுவென்று முடி முளைப்பதும் அதனால்தானாம். குழந்தை வேண்டுமென்றால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார். முப்பத்திரண்டு வயதில் அவள் அதையும் பார்த்தாள். நான்கு வருடம் மாத்திரையும் ஊசியுமாகப் போயிற்று. இரண்டு முறை கரு தங்காமல் கலைந்தது. போதும் என்று அவளும் கணவன் ஐவினும் நிறுத்திக்கொண்டார்கள்.

அதையெல்லாம் ஐவினிடம் பேசி அழ முடிந்தது. முடியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. எட்டு வருடத் தாம்பத்தியத்தில் ஒரு நாள்கூட அவனுக்குப் பின்னால் அவள் எழுந்ததில்லை.

பிப்ரவரியில் ஒரு நாள், வேலை பார்க்கும் நூலகத்துக்குப் போகிற வழியில், நார்வேயின் டிராம்சோ நகரத்து இறக்கமான தெரு ஒன்றில் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தாள். கையை ஊன்றியதில் இரண்டு மணிக்கட்டும் முறிந்தன. முழங்கை வரை மாவுக்கட்டு. ஆறு வாரம் எதையும் பிடிக்கக் கூடாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பேருந்து ஓட்டுநரான ஐவின் மூன்று நாள் விடுப்பு எடுத்தான். ஊட்டிவிட்டான், குளிப்பாட்டினான், கழிப்பறைக்குக் கூட்டிப்போனான். எதற்கும் அவள் கூசவில்லை. கழுத்தில் சுற்றிய கம்பளித் துண்டை மட்டும் மூக்கு வரை ஏற்றிவிடச் சொன்னாள், தொண்டை வலிக்கிறதாம். இரண்டாம் நாள், அவன் கடைக்குப் போயிருந்தபோது, சவரக் கத்தியை விரல் நுனிகளால் எடுக்கப் பார்த்தாள். அது நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. குனிந்து எடுக்க முடியவில்லை. அங்கேயே விட்டுவிட்டு வந்தாள்.

மூன்றாம் நாள் காலையில் ஐவின் ஒரு கிண்ணத்தில் வெந்நீரோடு வந்து, அவளுக்கு எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தான். இன்னொரு கையில் அந்தக் கத்தி இருந்தது.

"துண்ட எறக்கட்டுமா?" என்றான்.

அவள் துண்டுக்குள்ளிருந்தே கேட்டாள்: "எப்பலேர்ந்து தெரியும்?"

"கல்யாணமான வருஷத்துலேர்ந்தே. வீட்டுல தாடி வெச்சிருக்கிறவன் நான். பிளேடு மட்டும் எப்படிம்மா தீரும்?"

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டு வருடமாக விடிவதற்கு முன்னால் எழுந்து காத்த ரகசியத்தை அவன் சும்மா பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான்.

"சொல்லியிருக்கலாமே நீ."

"நீ சொல்லுவேன்னு இருந்தேன்."

அவன் பதமாகத்தான் மழித்தான். சோப்பு நுரையோடு அவள் கண்ணீரும் வழிந்தது. துடைத்துக்கொள்ளக் கை இல்லை. அதையும் அவன்தான் துடைத்தான். அந்த அன்பைத் தாங்குவது அவளுக்கு வலியைவிடக் கடினமாக இருந்தது.

விடுப்பு முடிந்த பிறகும் தினமும் வேலைக்குக் கிளம்புவதற்கு முன் மழித்துவிட்டான். பகலில் சாப்பாடு கொடுக்க நகராட்சியிலிருந்து மாரித் என்ற செவிலிப்பெண் வந்துபோனாள். மூன்றாவது வாரம், குளிரில் சில பேருந்துகள் கிளம்பவில்லையென்று இரண்டு நாள் ஐவினை விடியலிலேயே கூப்பிட்டுவிட்டார்கள். இரண்டு நாளும் மழிக்க நேரமில்லை. இரண்டாம் நாள் துண்டைச் சுற்றிவிடவும் அவசரத்தில் மறந்துபோனான்.

அன்று பதினொரு மணிக்கு மாரித் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். தோருன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பினாள். ஆனால் மீன் சூப் குடிக்கத் திரும்பித்தானே ஆக வேண்டும்?

மாரித்தின் பார்வை மோவாயில் ஒரு கணம் நின்றது. பிறகு தோருனின் கண்களை மட்டுமே பார்த்து, வெளியே பெய்யும் பனியைப் பற்றி, வழக்கத்தைவிட வேகமாகப் பேசிக்கொண்டே போனாள்.

"சூடு சரியா இருக்காக்கா?" என்று கேட்டுக் கரண்டியை நீட்டினாள்.

சரியாக இருக்கிறது என்றாள் தோருன். வாயைத் திறந்தாள்.