இடது கால் எந்தப் பக்கம்

“பெட்டிய எப்பம்மா மூடலாம்?”

மேசைக்கடியில் மண்டியிட்டு ஒயர்களைப் பார்த்துக்கொண்டிருந்த மெர்சி, போதகரின் குரல் கேட்டும் தலையை எடுக்கவில்லை.

“தம்பி ஒரு வாட்டி பாத்துரட்டும் பாஸ்டர். அஞ்சே நிமிஷம்.”

இந்த ஐந்து நிமிஷத்தை அவள் முன்பே கேட்டு வாங்கிச் செலவழித்தாகிவிட்டது. தம்பி ஜீவா மஸ்கட்டில் இருக்கிறான். டிக்கெட் கிடைக்கவில்லை. சவப்பெட்டியை மூடிவிட்டால் அப்பாவின் முகத்தை இனி அவன் பார்க்கவே முடியாது. போனில் காட்டலாம் என்றால், ஆம்பூரின் இந்தத் தெருவுக்கு மலை மறைத்து டவர் எட்டாது. அதனால்தான் ஷூ கம்பெனியிலிருந்து ஓய்வுபெற்ற அப்பா, முன்னறையில் ஒரு சர்வரை வைத்துத் தெருவுக்கே நெட் கொடுத்துவந்தார். ஊருக்கெல்லாம் கொடுத்தவர் வீட்டில் இன்று பார்த்து இல்லை.

காலையில் ஐஸ் பெட்டிக்கு இடம் வேண்டுமென்று, பக்கத்து வீட்டு சுஹேல் அகமது சர்வரைக் கழற்றி மூலைக்கு நகர்த்தித் திரும்ப மாட்டியிருந்தார்.

தோல் கம்பெனியில் மெர்சி பார்ப்பதும் இதே நெட் வேலைதான். அந்தச் சர்வருக்கு வெளியிலிருந்து இரண்டு லைன்கள் வருகின்றன. ஒன்றுக்கு மாறாத முகவரி. இன்னொன்றுக்கு, கேட்டால்தான் லைன் கொடுத்த கம்பெனி முகவரி கொடுக்கும். லேப்டாப்பில் பார்த்தால், ஒயர் செருகும் முதல் போர்ட் முகவரியோடு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. ஆனால் எதிர்முனை பேசவில்லை. இரண்டாவது போர்ட் முகவரி கேட்டுக்கொண்டே இருந்தது, கொடுப்பார் இல்லை. எல்லாவற்றையும் இரண்டாவது வழியில் திருப்பிவிட்டுப் பார்த்தாள். முகவரியே இல்லாத வழியில் எது போகும்?

“ஒயர மாத்திக் குத்திட்டீங்களா பாய்?”

“இல்லம்மா. உங்கப்பா ஒயருக்கு ஒயரு தோல் துண்டு கட்டி எல்லு, ஆருன்னு எழுதி வெச்சிருக்காரு. எல்லு லெஃப்ட்டு, ஆரு ரைட்டு. இது தெரியாதா எனக்கு?”

அவர் சொன்னது சரி. ‘எல்’ துண்டு தொங்கிய ஒயர் இடப்பக்கம்தான் இருந்தது.

போதகர் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார். மெர்சி எழுந்து பெட்டியின் கால்மாட்டில் போய் நின்றாள். அழுகைகூட வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. மாசக்கணக்காக இழுத்துக்கொண்டிருந்த மூச்சு நின்று, அப்பா கோட்டு சூட்டில் நிம்மதியாகப் படுத்திருந்தார். காலில் அவர் கையாலேயே தைத்த கறுப்பு ஷூ. அவருடைய இடது ஷூ அவளுக்கு வலப்பக்கம் இருந்தது.

ஷூ வாங்க வருபவர்கள் குழம்பும்போதெல்லாம் அப்பா கேலி செய்வார்: “லெஃப்ட்டு ரைட்டு போடறவனுக்குய்யா, பாக்கறவனுக்கு இல்ல.”

மனுஷன் சர்வருக்கும் கால் வைத்து, அதன் இடதைத்தான் ‘எல்’ என்று எழுதியிருக்கிறார்.

மெர்சி மேசைக்கடியில் பாய்ந்து இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றினாள். திருப்பிவிட்ட வழியைப் பழையபடி வைத்தாள். கேட்டுக் கேட்டு ஓய்ந்திருந்த போர்ட்டுக்கு முகவரி வந்தது. எதிர்முனை பதில் சொன்னது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. சாவு வீட்டில் இப்படிச் சிரிப்பு வரலாமா என்று யோசிக்காமல் சிரித்தாள், கண்ணில் தண்ணீரும் வந்தது.

“இன்னாம்மா ஆச்சு?” என்றார் சுஹேல்.

“மெஷினுக்கு ஷூ மாத்திப் போட்டுட்டீங்க பாய்.”

ஜீவாவின் முகம் போனில் தெளிவாக வந்தது. மெர்சி போனை அப்பாவின் முகத்தருகே பிடித்தாள். போதகரும் புத்தகத்தை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

“வலிச்ச மாதிரியே இல்லக்கா முகம்.”

“தூக்கத்துலயே போய்ட்டாருடா.”

“சரி. போதும்க்கா. கால காட்டு.”

அவள் போனைக் கால்மாட்டுக்குக் கொண்டுவந்தாள்.

“லெஃப்ட்டு லேஸ் அவுந்திருக்கு பாரு,” என்றான் ஜீவா.

போனை சுஹேலிடம் கொடுத்துவிட்டு மெர்சி குனிந்தாள். அவள் கைகள் யோசிக்காமல் வலப்பக்கம் போயின.