பொன்னுதுரையை விருந்துக்கு அழைத்த மாலை

மலாக்கா நீரிணையின் மேற்கே கதிரவன் சரிந்து, ஆற்றின் முகத்துவாரத்தில் நின்ற மரக்கலங்களின் நிழலை நீளச் செய்து, ஜாலான் துக்காங் எமாஸ் தெருவின் விநாயகர் கோயில் முகப்பையும் அதே தெருவிலுள்ள பள்ளிவாசலின் கூரையையும் ஒரே பொன்னிறத்தில் தோய்த்துக்கொண்டிருந்த போகித் திருநாளின் மாலைப்பொழுது அது. நாடு விடுதலை பெற்றபின் வந்த முதற் பொங்கலாதலால் நகரெங்கும் புதுக்கொடிகள் இன்னும் இறக்கப்படாமல் ஆடின. நகரை அடுத்துக் கிடந்தது காஜா பேராங். சினங்கொண்ட யானை என்று பெயர் பூண்டும், மாவிலைத் தோரணங்களின் கீழே பூனைக்குட்டிபோல் சுருண்டு கிடக்கும் சிற்றூர். யானைக்கு என்ன சினம் என்று மட்டும் கேட்டுவிடாதீர். ஊரார் ஆளுக்கொரு கதை சொல்லிப் பொழுதை விடியவைத்துவிடுவர்.

நற்றமிழ் நாடும் அன்பரே, இங்கு வாழும் மலாக்கா செட்டி மக்கள், பல தலைமுறைக்கு முன் தமிழகத்திலிருந்து வணிகம் நாடி வந்து, இம்மண்ணின் மகளிரை மணந்து, சிவனை மறவாமல் தமிழை மட்டும் மறந்தவர்கள். அவர் வாய்மொழி மலாய். அதனூடே கஞ்சியில் உப்பாய்ச் சில தமிழ்ச் சொற்கள் கரைந்திருக்கும். நம்மவருள் சிலர் அதைக் கேட்டு உதட்டைச் சுழிப்பதுண்டு. பேச்சு மாறியும் நெற்றியில் நீறு மாறாத மக்களை இகழ நாம் யார் என்று எனக்குச் சினமே வரும்.

அம்மக்களுள் ஒருவர் பொன்னுதுரை. துறைமுகக் கிடங்கில் எழுத்தராய் இருந்த அவர், வெள்ளிதோறும் விநாயகர் கோயிலில் கைகூப்பி நின்று, அங்கே பாடப்படும் பாடலொன்றைப் பொருள் விளங்காமலே கண்கலங்கக் கேட்பார். “கருணா, அந்தப் பாட்டு என்னதான் சொல்கிறது? நீ படித்து வந்து எனக்குச் சொல்” என்று கூறி, ஒரே மகன் கருணாகரனைத் தமிழும் இந்தியப் பண்பாடும் சமூகவியலும் பயிலுமாறு சிங்கப்பூரிலிருந்த பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவைத்தார்.

அங்கே அவன் பட்ட தனிமை கொஞ்சமன்று. உடன் பயின்ற தமிழ் மாணவர் கேலியும் கிண்டலுமாய்ப் பேசிச் சிரிக்க, அவனோ ஒவ்வொரு சொல்லையும் இலக்கணம் பார்த்துக் கோத்து முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விடும். “கல்வெட்டு நடந்து வருகிறது” என்று அவனைப் பகடி செய்தனர். சமூகவியல் வகுப்பில் ஆசிரியர் ‘கலப்புக் குடிகள்’ பற்றி விரித்துரைத்த நாளில், தன் வீட்டு அடுக்களையின் மணம் நினைவில் எழ, அவன் தலைகவிழ்ந்து அமர்ந்திருந்தான். விடுமுறையில் வீடு வந்தாலோ, கற்ற தமிழைப் பேச ஒருவருமில்லை. பாவம், வாயிருந்தும் ஊமையானான் பிள்ளை. இவ்வாறிருக்க, சென்ற ஐப்பசியில் அவன் தேர்வெழுதிக்கொண்டிருந்தபோது தந்தை மாரடைப்பில் மறைந்தார். அவ்வாண்டுதான் வகுப்பில் பயின்ற அப்பாட்டின் பொருளை வீடு வந்து சொல்லும் பேறு அவனுக்குக் கிட்டாமலே போயிற்று.

போகியன்று அம்மக்கள் முன்னோர்க்கு வாழையிலையில் சோறிட்டுப் படைப்பர். அதனைப் பர்ச்சு என்பர். குடும்பத்தின் தலைமகன் மறைந்தோரைப் பெயர் சொல்லி அழைத்ததும், அறையின் திரையை இழுத்துவிட்டு அனைவரும் வெளியேறுவர். விருந்தினர் உண்கையில் எட்டிப் பார்ப்பது முறையன்றே! சரியாக அழைக்கப்படாதவர் வாயிலிலேயே நின்று பசியோடு திரும்புவர் என்பது பொன்னுதுரை வீட்டார் நம்பிக்கை.

பொன்னுதுரைக்கு இது முதற் படையல். தாய் சிவகாமி தேங்காய்ப்பாற் சோறும், பொரித்த மீனும், மிளகாய்ச் சம்பலும், அவர் விரும்பும் பாலிடாத காப்பியும் வைத்தாள்; வைத்துவிட்டு மகனிடம், “தமிழிலேயே கூப்பிடு. அதற்குத்தானே உன்னைப் படிக்கவைத்தார்” என்றாள். அவள் மலாயில் சொன்னதை நாம் தமிழில் கேட்கிறோம். கருணாகரன் குரலைச் செம்மைசெய்து, “எந்தையே, பொன்னுதுரைப் பெருமானே! இல்லம் எழுந்தருளி, யாம் அன்பொடு படைத்த அமுதினை ஏற்றருள்க” என்று அழைத்தான். பேராசிரியர் கேட்டிருந்தால் முதுகில் தட்டியிருப்பார். திரை விழுந்தது, தாயும் மகனும் வெளிப்படியில் வந்து அமர்ந்தனர்.

சிவகாமி சேலை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்: “அழகாகத்தான் கூப்பிட்டாய், கருணா. ஆனால் அவருக்கு விளங்கியிருக்குமா? கோயிலில் நிற்பாரே, அதுபோலக் கைகூப்பிக்கொண்டு வாசலிலேயே நிற்கிறாரோ என்னவோ.”

கருணாகரனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன்னைக் கல்வெட்டென்று பிறர் சிரித்தபோது தான் நின்ற இடத்தில், இப்போது தன் தந்தையைத் தானே கொண்டுபோய் நிறுத்திவிட்டதை உணர்ந்தான். உணர்ந்ததும் எழுந்து உள்ளே விரைந்து, திரையைத் தொடாமல் அதன் முன் நின்று, சிறுவயதில் அவரை உணவுக்கு அழைத்த அதே குரலில், “பாப்பாக், மாரி மாக்கான்” என்றான். அப்பா, சாப்பிட வாருங்கள் என்பதே அதன் பொருள். அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. சொன்னவன் அங்கேயே தரையில் அமர்ந்து, வீட்டுப் பேச்சிலேயே தொடர்ந்தான்.

“அந்தப் பாட்டு இதைத்தான் சொல்கிறது, பாப்பாக்: ‘உன்னை எப்படி அழைப்பதென்று எனக்குத் தெரியாது. தெரியாதவன் அழைத்தாலும் வா.’”

சொல்லி முடித்ததும் அவனுக்கு அழுகை வெடித்தது. மாணவர் நிறைந்த மண்டபத்தில் சொல்சொல்லாய்ப் பிரித்துப் பொருள் கண்ட பாடல்தான் அது. அதைத் தந்தையின் பேச்சில் சொன்ன அன்றுதான் அவனுக்கே விளங்கியது. திரை அசையவில்லை.

யாருக்காகக் கற்றோமோ அவர் பேச்சில் அதைச் சொல்லி முடிக்கும்வரை கல்வி முற்றுப்பெறுவதில்லை. முற்றுப்பெறும் வேளையில் கேட்பதற்கு அவர் இல்லாமற்போவதும் உலகில் உண்டு. தாய் வந்து திரையை விலக்கியபோது காப்பி ஆறியிருந்தது. வழக்கப்படி வீட்டார் உண்ணும் நேரம் வர, கருணாகரன் தந்தையின் இலைமுன் அமர்ந்து, ஆறிய சோற்றைப் பிசைந்து, ஒரு பருக்கையும் மீதம் வைக்காமல் உண்டான்.