குடத்துக் கீரை

வரதராஜுலு முதலாளியின் பூஜையறையில் ஒரு கீரைக்குத் தினமும் இரண்டு வேளை கற்பூரம் காட்டினார்கள். அது கீரை என்று அந்த வீட்டில் எவருக்கும் தெரியாது. தெரிந்த நான்தான் அதைத் தெய்விகம் என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். நான் பாட்டனி பட்டதாரி. அவருடைய பள்ளிக்கூடத்தில் ஓராண்டாகத் தற்காலிக டீச்சர். என்னை நிரந்தரமாக்கும் உத்தரவில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவரே.

1958 தை மாதம் அவர் மனைவி லட்சுமியம்மாளோடு காசி யாத்திரை கிளம்பினார். தனுஷ்கோடியில் முழுகி, கடல் மணலை அள்ளிக் கொண்டுபோய்க் கங்கையில் கரைப்பது முறை. அள்ளியது வரை சரி. அதற்குள் அவருடைய மில்லில் ஸ்ட்ரைக் என்று தந்தி வர, காசியை விட்டுவிட்டு மணலோடு கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரம் திரும்பிவிட்டார். கரைக்காத மணலை எங்கே கொட்டுவது? பித்தளைக் குடத்தோடு பூஜையறையில் வைத்தார்கள். மணலோடு வந்த ஒரு தண்டுத் துண்டு, தீர்த்தம் தெளிக்கத் தெளிக்கத் துளிர்த்துப் படர்ந்தது. சிவந்த தண்டு, தடித்த இலை, ரோஸ் நிறத்தில் நட்சத்திரப் பூ. காசிக்கு வராத குற்றத்தை ஈசன் மன்னித்துவிட்டானாம். ஸ்ட்ரைக் செய்தவர்களை முதலாளி மன்னிக்கவில்லை. பதினோரு பேரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்.

"எந்தப் பொஸ்தகத்துலயும் இல்லாத மூலிகைன்னு நாலு வரி எழுதிக் குடு, அம்மணி. இங்கிலீசுல எழுது. பிரேம் போட்டு மாட்டோணும்" என்றார்.

குடத்துக்கு வெல்வெட் உறை தைக்க, எங்கள் தையல் டீச்சர் தாஜுன்னிசாவையும் அழைத்திருந்தார்கள். அவளைப் பூஜையறைக்குள் விடவில்லை. குடத்தை வாசற்படி வரை நகர்த்தி, அங்கே அளவெடுக்கச் சொன்னார்கள். உதட்டைக் கடித்துக்கொண்டு அளவெடுத்தவள், தெருவுக்கு வந்ததும் வெடித்துச் சிரித்தாள்.

"ஏனுங்க டீச்சர், எங்க கீழக்கரைல இது காலுக்குக் கீழ கெடக்குமுங்க! எங்கம்மா பருப்புப் போட்டுக் கடையும். உப்பு மட்டும் போடக் கூடாது. கீரையிலயே கடல் இருக்கு."

"தெரியுமுங்க. வங்காரவள்ளைக் கீரை. காலேஜ்ல காயவெச்சுத் தாள்ல ஒட்டியிருந்தாங்க."

"திங்கறதைத் தாள்ல ஒட்டுனாங்களா? அதுக்கு இவங்களே பரவால்ல, தண்ணி ஊத்தறாங்க!"

அப்பா வெங்கடபதி அதே மில்லில் இருபது வருஷமாகப் பஞ்சு பிரிக்கிறார். "ஒரு கையெழுத்துத்தான கண்ணு? நான் எத்தன சீட்டுல கைநாட்டு வெச்சிருப்பேன், என்ன எழுதியிருக்குன்னு ஒருநாள் கேட்டிருப்பனா?" என்றார். அவர் கேட்காததால்தான் நான் படித்தேன். அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

எழுதினேன். ஆங்கிலத்தில், உண்மையை. இது எந்த மணற்கரையிலும் மண்டிக் கிடக்கும் செடி, ஏழைகள் சமைத்துத் தின்பது என்று. முதலாளிக்கு ஆங்கிலத்தில் தெரிந்தது தன் கையெழுத்து ஒன்றுதான். எழுத்தின் வளைவைப் பார்த்து மகிழ்ந்து, பிரேம் போட்டுக் குடத்துக்கு மேலே மாட்டினார். மில் மானேஜர் பி.ஏ. வந்து படித்தார். தலைமையாசிரியை பி.ஏ., எல்.டி. வந்து படித்தார். இருவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு சுண்டல் வாங்கிப் போனார்கள்.

பெருமையோடு தாஜுன்னிசாவிடம் சொன்னேன். அவள் தையல் மெஷினிலிருந்து நிமிரவில்லை.

"தமிழ்ல எழுதியிருந்தா மொதலாளி வீட்டம்மா படிச்சிருக்கும். உங்களுக்கு வேலை வேணும், அவருக்குச் சாமி வேணும். மானேஜருக்கும் உங்களுக்கும் என்னங்க டீச்சர் வித்தியாசம்?"

அவளை அறைய வேண்டும் போலிருந்தது. சரியாகச் சொல்லிவிட்டாள் என்பதால்தான்.

வெள்ளிக்கிழமை பூஜையில் உத்தரவு தருவதாக முதலாளி சொல்லியனுப்பியிருந்தார். போனேன். உத்தரவு இருந்த கவர் அவர் கையில் இருந்தது. லட்சுமியம்மாள் கற்பூரத் தட்டோடு நின்றார். மானேஜரும் வந்திருந்தார். நான் கைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, பிரேமுக்குக் கீழே சுவரின் காவிப் பட்டையில், மூன்றாம் வகுப்புக்கு எழுதுவதுபோலப் பெரிதாக எழுதினேன்.

லட்சுமியம்மாள் எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தார்: "மேலே... இங்கிலீஷில் எழுதியிருப்பது: இது... கடற்கரைக் கீரை. பருப்போடு வேகவைக்கவும். உப்புப் போட வேண்டாம்."

முதலாளி மானேஜரைப் பார்த்தார். "இங்கிலீசுலயும் இதேதானா?"

மானேஜர் உத்தரத்தைப் பார்த்தார். "ஆமாங்க மொதலாளி... எழுத்து நல்லாருந்துச்சுங்க."

முதலாளி கவரை நிதானமாக மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்தார். "நாளையிலிருந்து ஸ்கூல் பக்கம் வந்துபோடாதே" என்றார். அப்பாவை என்ன செய்வார் என்பதை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, பின்னால் தட்டைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. அதன்பின் லட்சுமியம்மாளின் குரல், வாயில் எதையோ மென்றுகொண்டு:

"ஏனுங்க, நெசமாலுமே உப்பாத்தானுங்க இருக்குது."